திருகோணமலையில் எங்கே தங்குவது: நகரமா, உப்புவெளியா, நிலாவெளியா?

திருகோணமலைக்கு வரத் திட்டம் போடுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எங்கே அறை எடுக்கலாம்?" பார்க்க வேண்டிய இடங்கள் எல்லோருக்கும் தெரியும். கோணேசர் கோயில், கோட்டை, கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடற்கரை, புறாமலைத் தீவு, காலம் சரியாக அமைந்தால் திமிங்கிலம். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். அதனால் எங்கே தங்கினாலும் ஒன்றுதான் என்று நினைத்து, படத்தில் அழகாகத் தெரியும் விடுதியைப் பதிவு செய்துவிடுகிறார்கள்.

ஆனால் ஒன்றுதான் இல்லை. திருகோணமலையில் நல்ல நேரம் என்பது விடியலிலிருந்து ஒன்பது, ஒன்பதரை மணி வரை. பிறகு மாலை நான்கு மணிக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில், அதுவும் மே முதல் செப்டெம்பர் வரை, வெயில் மண்டையைப் பிளக்கும். இந்த ஊரின் சிறந்த காட்சிகள் எல்லாம் காலையில்தான் இருக்கின்றன. மலை உச்சியில் கோயில் மணி அடிக்கும்போது கடலில் சூரியன் எழுவது, கூட்டம் வருவதற்கு முன் புறாமலைக்குப் போகும் முதல் படகு, திமிங்கிலம் தேடிப் புறப்படும் படகு, ஆளில்லாத கன்னியா. நாளொன்றுக்கு ஒரு விடியல்தான் கிடைக்கும். அந்த விடியலில் எதன் பக்கத்தில் கண் விழிக்க வேண்டும் என்பதை வைத்துத்தான் தங்குமிடத்தை முடிவு செய்ய வேண்டும்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது மாதம். கிழக்குக் கரையின் கடல் நாட்காட்டி மேற்குக் கரைக்கு நேர்மாறானது. சோளகக் காற்று வீசும் மாதங்களில், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, கொழும்புப் பக்கம் கடல் கொந்தளிக்கும். இங்கே அமைதியாக இருக்கும். ஒக்டோபர் கடைசியிலிருந்து வாடை தொடங்கிவிட்டால் மழை, பெரிய அலை, கலங்கிய தண்ணீர். ஜனவரி வரை இதே கதைதான். சில ஆண்டுகளில் பெப்ரவரியிலும் கடல் அடங்காது. அந்த மாதங்களில் கடற்கரை விடுதிக்குக் காசு கொடுப்பதில் பொருளே இல்லை.

இரண்டாவது, யாரோடு வருகிறீர்கள் என்பது. முழங்கால் வலி உள்ள அம்மா, நடக்கத் தொடங்கியிருக்கும் குழந்தை, சைவம் மட்டுமே சாப்பிடும் மாமனார், நீந்தத் தெரிந்த நண்பர்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு இடம்தான் சரிப்படும்.

மூன்றாவது வாகனம். சொந்த வாகனமோ வாடகை வானோ இருந்தால் தூரம் பெரிய பிரச்சினை இல்லை. பஸ்ஸையும் ஓட்டோவையும் நம்பி வருகிறீர்கள் என்றால் ஒவ்வொரு கிலோமீற்றரும் கணக்கில் வரும்.

நான்காவது, அறை வாடகைக்கு வெளியே போகும் பணம். விடுதியின் இரவுக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. ஆனால் இரண்டு இரவுகள் தங்கும் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு, ஓட்டோ, படகு, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்ந்தால் வாடகையைத் தாண்டிவிடும்.

## திருகோணமலை நகரம்

நகரம் ஒரு ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். இதனால் கிடைக்கும் ஒரு பேற்றைப் பலரும் கவனிப்பதில்லை. கிழக்குக் கரை ஊராக இருந்தும் இங்கே சூரியன் கடலில் எழுவதையும் பார்க்கலாம், தண்ணீரில் விழுவதையும் பார்க்கலாம். காலையில் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை, மாலையில் உட்துறைமுக வீதி. இரண்டுக்கும் நடுவே ஓட்டோவில் சில நிமிடங்கள்தான்.

நகரத்தில் தங்குவதற்கு முதல் காரணம் கோணேசர் கோயில். சம்பந்தர் பாடிய தலம். 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் கொண்டு கோட்டையைக் கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், அப்புறம் ஆங்கிலேயர். 1803இல் யோர்க் கோமகன் பிரெடெரிக்கின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள். இன்றும் அது இராணுவத்தின் கையில்தான் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் வழி அதன் உள்ளேதான். கோட்டை வாயிலில் இறங்கி நடந்து போங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். வாயிற்கல்லில் இரட்டைக் கயல் சின்னமும் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. ஓட்டோவில் நேரே உள்ளே போகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. நானூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பேரிழப்பின் சாட்சி அந்தக் கல். இரண்டு நிமிடம் அதன் முன்னால் நிற்கலாம்.

உள்ளே போனால் புள்ளிமான்கள் சாலையோரம் படுத்திருக்கும். அவற்றுக்குப் பிஸ்கட் கொடுக்காதீர்கள், வெறும் பொலித்தீன் பையையும் விட்டுவிட்டு வராதீர்கள். நகரத்து மான்கள் குப்பையில் பொலித்தீன் தின்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மலை உச்சியில் கோயிலைச் சுற்றி வந்தால் இராவணன் வெட்டு. செங்குத்தாகப் பிளந்த பாறை, கீழே பச்சையும் நீலமுமாகக் கடல். விளிம்பில் இருக்கும் மரத்தில் பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் கட்டிய சின்னஞ்சிறு மரத்தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டெடுத்தது இந்தப் பாறையின் அடியில் உள்ள கடலில்தான். நீர்மூழ்கப் பயிற்சி உள்ளவர்கள் கடல் அமைதியான மாதங்களில் அங்கே இறங்கலாம்.

நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அதனால் நகரத்தில் தங்குகிறவருக்கும் நிலாவெளியிலிருந்து வருகிறவருக்கும் இங்கே பெரிய வித்தியாசம் இருக்கிறது. நகரத்தில் இருந்தால் காலைப் பூசைக்கு இருட்டோடு கிளம்பிப் போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். மாலையில் மறுபடியும் போகலாம். இரண்டு முறையும் வேறு வேறு கோயிலைப் பார்த்ததுபோல இருக்கும்.

சாப்பாட்டில் நகரம்தான் மேலே. காலையில் இடியப்பமும் சொதியும், மதியம் சைவக் கடையில் சோறு, மாலையில் ஒல்லாந்தர் குடாக் கடற்கரையில் சூடாக வடை, இரவில் கொத்து. பத்திரகாளி அம்மன் கோயில் கோபுரத்தை மாலை வெளிச்சத்தில் நின்று பார்க்கலாம். டொக்கியார்ட் வீதியில் ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் கடற்படை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. வெயில் நேரத்தைக் கழிக்க நல்ல இடம்.

கன்னியா இங்கிருந்து எட்டு கிலோமீற்றர் அளவு. ஏழு சிறிய சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு சூடு. இறங்கிக் குளிக்கும் இடம் அல்ல. வாளியில் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். தாய்க்கு இராவணன் கிரியை செய்த இடம் என்பது மரபு. இன்றும் இறந்தவர்களுக்கான கிரியைக்காக வரும் குடும்பங்கள் உண்டு. சனி, ஞாயிறு காலை பத்து மணிக்குப் போனால் வாளிக்கு வரிசையில் நிற்க வேண்டும். வார நாளில் விடியற்காலையில் போனால் நிதானமாகக் குளிக்கலாம். சொந்த வாகனம் உள்ளவர்கள் அதே திசையில் இன்னும் சற்றுப் போய் வெல்கம் விகாரையையும் பார்த்துவிடுங்கள். சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி அது. அதற்குக் கொடை கொடுத்தவர்களைப் பற்றிய கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. தமிழ்ப் பௌத்தம் என்பதை ஏட்டில் மட்டும் கேள்விப்பட்டவர்களுக்கு அந்தச் செங்கற் சுவர்களின் நடுவே நிற்பது பெரிய அனுபவம்.

சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நகரத்திலிருந்து எளிதாகப் போகக்கூடிய இன்னொரு இடம் சீனன்குடாப் பக்கம் உள்ள மார்பிள் பீச். விமானப்படை நடத்துகிறது, நுழைவுக் கட்டணம் உண்டு. குடாவுக்குள் ஒதுங்கிய கடல் என்பதால் அலை மிகக் குறைவு. நிலாவெளியிலிருந்து அங்கே போவதென்றால் நகரத்தைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இனி குறைகள். நகர விடுதிகளில் கடல் பார்க்கும் அறைகள் சிலதான். பல அறைகள் வீதியைப் பார்த்தபடி இருக்கும். கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, பஸ் ஹோர்ன் எல்லாம் காலை ஐந்து மணிக்கே எழுப்பிவிடும். புழுக்கம் அதிகம், ஏசி இல்லாத அறையில் மே, ஜூன் மாதங்களில் தூங்குவது கஷ்டம். வாடகையில் ஏசி சேர்த்தியா, தனியா என்று முதலிலேயே கேளுங்கள். புறாமலைக்கோ திமிங்கிலப் படகுக்கோ போக விடியற்காலையில் ஓட்டோ பிடிக்க வேண்டும். அந்த நேரத்து வாடகை பகல் வாடகையாக இருக்காது. முந்தைய மாலையே பேசி வைத்துவிடுவது நல்லது.

## உப்புவெளி

நகரத்திலிருந்து வடக்கே ஐந்து கிலோமீற்றர் அளவு. நகரத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சமரசம் இது. நல்ல சமரசம்தான்.

காலையில் கதவைத் திறந்தால் மணல். குடாவின் வளைவுக்குள் இருப்பதால் பருவத்தில் கடல் சாதுவாக இருக்கும். தெற்கே பார்த்தால் சுவாமி மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்பது தெரியும். நகரத்துக்குப் போக அடிக்கடி பஸ் உண்டு, ஓட்டோ என்றால் பத்து, பதினைந்து நிமிடம். திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகள் பலவும் இங்கிருந்தே புறப்படுகின்றன.

திமிங்கிலம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி ஆழ்கடலுக்குப் போகிறது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு ஆழம் இருப்பதால்தான் நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இந்தப் பக்கம் வருகின்றன. மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரை வாய்ப்பு உண்டு. வாய்ப்பு என்பதைத் திரும்பவும் சொல்கிறேன், உத்தரவாதம் கிடையாது. டொல்பின் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாட்களும் வரும். "கட்டாயம் காட்டுவேன்" என்று சொல்லும் படகுக்காரரைவிட, "பார்ப்போம், கடல்தான் முடிவு செய்யும்" என்று சொல்கிறவரோடு போவதே நல்லது. திமிங்கிலத்தைத் துரத்திக்கொண்டு ஓடாத, எஞ்சினை அடக்கிவிட்டுத் தள்ளி நிற்கும் படகைத் தேர்ந்தெடுங்கள். அது சுவாசிக்க மேலே வரும் இடத்தில் நாலு படகுகள் போய் மறித்தால் அடுத்த ஆண்டு அது எதற்கு இங்கே வர வேண்டும்?

வெயில் தணிந்த நேரத்தில் நிலாவெளி வீதியில் உள்ள பொதுநலவாயப் போர்க் கல்லறைக்குப் போய் வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் புல்வெளியில் வரிசை வரிசையாக. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின. ஒவ்வொரு கல்லிலும் உள்ள வயதைப் படித்துக்கொண்டே போனால், பெரும்பாலானோர் இருபதுகளில் இருந்த பிள்ளைகள் என்பது புரியும். கடற்கரை வழியாக வடக்கே போனால் சல்லி அம்மன் கோயில். கடலோரத்துச் சிறிய கிராமக் கோயில்; மாலையில் மீனவர் வள்ளங்கள் அருகிலேயே ஏறிக்கிடக்கும்.

உப்புவெளியின் மறைந்த செலவு சாப்பாடுதான். கடற்கரை ஓர உணவகங்கள் வெளிநாட்டுப் பயணிகளை மனதில் வைத்து நடப்பவை. மீனும் இறாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் பில்லில் சேவைக் கட்டணம், வரி என்று கூடிவிடும். சைவச் சாப்பாடு கேட்டால் மரக்கறி ஃபிரைட் ரைஸ்தான் பெரும்பாலும் வரும். பெரியவர்களுக்கு அது இரண்டாவது வேளையிலேயே சலித்துவிடும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு: மதியமும் இரவும் நகரத்துக் கடையிலிருந்து பார்சல் கட்டிக்கொண்டு வருவது. ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையிலும் போயா (பௌர்ணமி) தினத்தோடு சேர்ந்த நீண்ட வார இறுதிகளிலும் இரவுப் பாட்டுச் சத்தம் கூடுதலாக இருக்கும். தூக்கம் முக்கியம் என்றால் கடற்கரை முன்வரிசையைத் தவிர்த்து, இரண்டு ஒழுங்கை உள்ளே தள்ளி அறை எடுங்கள். வாடகையும் குறையும், கடலும் கைக்கெட்டும் தூரத்தில்தான்.

## நிலாவெளி

நகரத்திலிருந்து ஏறத்தாழ பதினைந்து கிலோமீற்றர். கடற்கரையைப் பொறுத்தவரை மூன்றிலும் இதுதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அகலமான வெள்ளை மணல், நீண்டு போகும் தென்னைகள், ஆட்கள் குறைவு. பருவத்தில் கரையோரம் ஆழம் குறைந்த தண்ணீர்தான். 2004 சுனாமி இந்தக் கரையைச் சின்னாபின்னமாக்கியது. போரும் பல ஆண்டுகள் ஆட்களை வரவிடவில்லை. இப்போது நீங்கள் பார்க்கும் விடுதிகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை, அல்லது திருத்திக் கட்டியவை.

புறாமலைதான் நிலாவெளியின் துருப்புச் சீட்டு. புறாத்தீவு என்றும் சொல்வார்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில், பெரிதும் சிறிதுமாக இரண்டு பாறைத் தீவுகள். பாறையில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவின் ஒரு பக்கம் முருகைக்கற்களும் (பவளப்பாறைகள்) வண்ண மீன்களும். மறுபக்கம் துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறாக்கள். பயப்பட வேண்டாம், அவை உங்களைக் கண்டால் விலகிப் போகும் வகை. காலையில் தண்ணீர் தெளிவாக, காற்று இல்லாமல் இருக்கும். பத்து மணி தாண்டினால் காற்று எழும், கூட்டமும் குவியும். நிலாவெளியில் தங்கியிருப்பவர் முதல் படகில் போய், மற்றவர்கள் வந்து சேரும் நேரத்தில் திரும்பிவிடலாம். உப்புவெளியிலிருந்தும் படகு போகிறது. ஆனால் கடலில் கூடுதல் நேரம், படகு வாடகையும் கூடுதல். தலைசுற்றும் ஆட்களுக்கு ஆகாது.

புறாமலைச் செலவை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு ஆளுக்கு ஒன்று. அதற்கு மேல் குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், வரி. படகு தனி. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் தனி. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதை எதிர்பார்த்து வர வேண்டும். குழுக் கட்டணமும் படகும் எத்தனை பேர் போனாலும் பெரிதாக மாறாது என்பதால், இரண்டு பேராக வந்தவர்கள் அதே விடுதியில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டால் நல்ல மிச்சம்.

இந்தத் தீவைப் பற்றி ஒரு வேண்டுகோள். முருகைக்கல்லின் மேல் நிற்காதீர்கள். அது கல் அல்ல, உயிர். ஆண்டுக்கு விரலளவுகூட வளராத வகைகள் உண்டு; ஒரு மிதியில் பல ஆண்டு வளர்ச்சி உடைந்துபோகும். தீவின் கரையில் காலைக் குத்தும் வெள்ளைத் துண்டுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் விரலாக, துளை துளையாக இருக்கும். எல்லாம் செத்த முருகைக்கல். நீந்தத் தெரியாதவர்கள் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு மிதந்தபடியே பாருங்கள். காலை ஊன்ற இடம் தேடித்தான் பலரும் அதை உடைக்கிறார்கள். ஒன்றையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

நிலாவெளியின் குறை தனிமை. கடற்கரைக்கு அது அழகு, மற்றெல்லாவற்றுக்கும் செலவு. பிரதான வீதியில் இக்பால் நகர்ப் பக்கம் கடைகள் உண்டு. ஆனால் பல விடுதிகள் வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் இரவுச் சாப்பாட்டுக்கு விடுதியையே நம்ப வேண்டியிருக்கும். பொழுது சாய்ந்த பிறகு நகரத்துக்கு பஸ் கிடைப்பது கஷ்டம். மாலைப் பூசை பார்த்துவிட்டுத் திரும்ப ஓட்டோ பிடித்தால் போக வர முப்பது கிலோமீற்றருக்குக் கணக்குப் போடுவார்கள். "நிலாவெளியில் தங்கிக்கொண்டு தினமும் கோயிலுக்குப் போய் வரலாம்" என்று திட்டம் போடும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் நாள் போவீர்கள், இரண்டாம் நாள் போகமாட்டீர்கள்.

வடக்கே மேலும் போக நினைப்பவர்களுக்கு மட்டும் இந்தத் தனிமை ஆதாயம். குச்சவெளி, திரியாய், புல்மோட்டைப் பக்கம் அரிசிமலை. அரிசிமலையில் மணலை உள்ளங்கையில் எடுத்தால் பரபரவென்று குறுணை அரிசிபோல இருக்கும். சொந்த வாகனமும் ஒரு முழு நாளும் உங்களிடம் இருந்தால் நிலாவெளியிலிருந்து காலையிலேயே கிளம்பலாம்.

## ஹபரணையிலிருந்து ஒரு நாள் பயணம்

சீகிரியா, பொலன்னறுவை பார்க்க வருகிறவர்கள் ஹபரணையில் தங்கி, திருகோணமலையை ஒரே நாளில் முடித்துவிடப் பார்ப்பார்கள். ஒரு வழிக்கு எண்பத்தைந்து கிலோமீற்றர் அளவு. வீதி நல்ல வீதி. வழியில் கந்தளாய்க் குளம், சட்டித் தயிர் விற்கும் கடைகள். எருமைத் தயிர் வாங்காமல் அந்த வீதியைக் கடக்கக் கூடாது.

ஆனாலும் இதை நான் பரிந்துரைப்பதில்லை. அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் ஏதாவது ஒன்றை ஒழுங்காகப் பார்க்க முடியும். புறாமலைக்குப் போனால் கோயில் நடை சாத்திவிடும். கோயிலுக்குப் போனால் புறாமலையில் காற்றும் கூட்டமும் ஏறிவிடும். மாலைப் பூசை வரை காத்திருந்தால் திரும்பும்போது இருட்டிவிடும். ஹபரணையை அண்டிய காட்டுவழியில் இருட்டில் யானை குறுக்கே வரும். வாடகை வாகனத்தின் கிலோமீற்றர் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், நகரத்தில் ஒரு சாதாரண அறைக்கு ஆகும் பணத்தில் நல்ல பங்கு அதிலேயே போய்விடும்.

வாடை மாதங்களில், கடல் எப்படியும் இல்லாதபோது, கோணேசரை மட்டும் தரிசித்துத் திரும்ப நினைக்கும் குடும்பத்துக்கு இது பொருந்தும். காலைப் பூசை, கன்னியா, மதியச் சாப்பாடு, திரும்பல்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | நகரம் | உப்புவெளி | நிலாவெளி | ஹபரணையிலிருந்து |
|---|---|---|---|---|
| கோணேசர் கோயில் காலைப் பூசை | மிக எளிது | எளிது | இருட்டில் கிளம்ப வேண்டும் | மிகக் கஷ்டம் |
| புறாமலை முதல் படகு | விடியற்கால ஓட்டோ தேவை | போகலாம், செலவு கூடும் | மிக எளிது | அனேகமாக முடியாது |
| திமிங்கிலப் படகு | ஓட்டோ தேவை | மிக எளிது | எளிது | முடியாது |
| கன்னியா, வெல்கம் விகாரை | பக்கம் | பரவாயில்லை | தூரம் | வழியை ஒட்டி |
| கடற்கரை | மாலை நடைக்கு | குளிக்க நல்லது | மிகச் சிறந்தது | இல்லை |
| சைவச் சாப்பாடு | தாராளம் | குறைவு | மிகக் குறைவு | நகரத்தில் சாப்பிடலாம் |
| மறைந்த செலவு | ஏசி, விடியற்கால ஓட்டோ | உணவக பில் | ஓட்டோ, விடுதிச் சாப்பாடு | வாகன வாடகை |
| வாடை மாதங்களில் | இதுவே சரி | வேண்டாம் | வேண்டாம் | பொருந்தும் |

## யாருக்கு எது

பெரியவர்களோடு கோயிலை முதன்மையாக வைத்து வருகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், நகரம். சிவராத்திரி, கோணேசர் நகர்வலம் வரும் நாட்கள், பங்குனி உத்தரத்தை ஒட்டிய திருவிழா, ஆடி அமாவாசை எல்லாம் நகரத்துக்குத்தான். அந்த நாட்களில் அறை கிடைப்பதே அரிது. தேதி தெரிந்தவுடன் பதிவு செய்துவிடுங்கள்.

சிறு பிள்ளைகளும் பெரியவர்களும் கலந்த குடும்பத்துக்கு உப்புவெளி. பிள்ளைகள் மணலில் விளையாடும்போது, தாத்தாவும் பாட்டியும் ஓட்டோவில் கோயிலுக்குப் போய்த் திரும்பிவிடலாம். ஒருவருக்காக மற்றவர் காத்திருக்கத் தேவையில்லை. பஸ்ஸில் தனியாகப் பயணம் செய்யும் இளையவர்களுக்கும் இதுவே வசதி.

புதிதாகத் திருமணமானவர்கள், நீச்சல் தெரிந்த நண்பர்கள், இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பவர்கள், இவர்களுக்கெல்லாம் நிலாவெளி. கொடுக்கும் பணத்துக்குக் குறைவே இருக்காது.

இரண்டு இரவுகள் இருந்தால் பிரித்துத் தங்குவதுதான் என் விருப்பம்: ஒரு இரவு நிலாவெளி, ஒரு இரவு நகரம். மூட்டை கட்டி இடம் மாறுவது அலுப்பு என்பார்கள். ஆனால் தினமும் முப்பது கிலோமீற்றர் போய் வருவதைவிட ஒரு முறை பையைத் தூக்கி ஓட்டோவில் வைப்பது எளிது. இதில் வரிசையும் முக்கியம். பலரும் பஸ் நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ இறங்கியவுடன் கோயிலை முடித்துவிட்டுக் கடலுக்குப் போவார்கள். நான் மாற்றிச் சொல்வேன். முதலில் நிலாவெளிக்குப் போய்விடுங்கள். கடல் நம் கையில் இல்லை. காற்று எழுந்து, கடற்படை படகுகளை நிறுத்தச் சொல்லிவிட்டால் அன்று புறாமலை கிடையாது. முதல் காலை தவறினால் அடுத்த காலை நகரத்திலிருந்து ஓட்டோ பிடித்தாவது போய் வர ஒரு வாய்ப்பு மிஞ்சும். கோயில் எந்தக் காற்றிலும் திறந்திருக்கும், அதைக் கடைசிக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு இரவுதான் என்றால் கிழமையைப் பாருங்கள். சனிக்கிழமை இரவு தங்கி ஞாயிறு காலை கடலுக்குப் போவதாக இருந்தால், புறாமலையில் கூட்டத்துக்கு நடுவேதான் நீந்த வேண்டியிருக்கும். அப்படியானால் நகரத்தில் தங்கி, ஞாயிறு காலைப் பூசைக்குச் சுவாமி மலை ஏறிவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு உப்புவெளிக் கடலில் ஒரு குளியல் போட்டுவிட்டு இரவு பஸ்ஸைப் பிடியுங்கள். வார நடுவில் வந்தால் நிலாவெளியில் அறை எடுங்கள். வாடகையைப் பேசிக் குறைக்கவும் முடியும், முதல் படகில் உங்களோடு வேறு யாரும் இல்லாமலும் போகலாம்.